மூன்றாம் நம்பர் லைனர்

மரக்காணம்
அக்டோபர் 12, ஞாயிறு

அன்பு மகள் பிரிசில்லாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் படுக்காமல் கொள்ளாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அம்மாவின் முழங்கால் மட்டும் மழை வரப்போவதை ரேடியோவுக்கு முந்திச் சொல்லிவிடுகிறது. நீயும் மாப்பிள்ளையும் எங்கள் பேத்தி சின்னவளும் அந்தக் குளிரில் நல்லபடி இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் காலை ஜெபத்தில் சொல்கிறாள், நான் ஆமென் போடுகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் பத்தாவது நிமிஷத்தில் நான் கத்துகிறேன், நீ அழுகிறாய், அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு சமையல்கட்டுக்குள் போய்விடுகிறாள். காகிதத்தில் கத்த முடியாது. சொல்ல வேண்டியதும் கொஞ்சம் நீளம், நடுவில் நீ ஏதாவது கேட்டால் எனக்கு ரோஷம் வந்து பாதியில் நிறுத்திவிடுவேன், ஆகவே முழுவதையும் ஒரே மூச்சில் படித்துவிடு.

ஜூலையில், குழந்தை பிறந்த பன்னிரண்டாம் நாள் நீ சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. ஜனவரியில் வந்து நம் கோயிலிலேயே ஞானஸ்நானம் கொடுக்க ஆசை, ஆனால் அந்தோணிராஜ் மாமாதான் ஞானத்தந்தையாக நிற்க வேண்டும், உங்கள் சண்டை தீராவிட்டால் டிக்கெட்டே போட மாட்டேன், அயர்லாந்திலேயே வைத்துக்கொள்கிறேன் என்றாய். கல்யாணத்தில் தாய்மாமன் இல்லாமல் நின்றது போதும் என்றும் சொன்னாய். அன்று பீடத்துக்கு முன்னால் நின்றுகொண்டு நீ வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? நானும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தால் என்ன சொல்லி விரட்டலாம் என்று யோசித்துக்கொண்டு பார்த்தேன், அது வேறு விஷயம். உன் அம்மாவுக்கு ஒரே தம்பி. ஒன்பது வருஷமாக அவன் என் வாசலை மிதிக்கவில்லை, நான் அவன் தெருவழியாகப் போகவில்லை. அம்மா மட்டும் சனிக்கிழமை மீன் வாங்கப் போகிறேன் என்று அங்கே போய்வருவாள், திரும்பி வரும்போது கூடையில் மீன் இருக்காது, நான் கேட்கவும் மாட்டேன்.

நீ போனை வைத்த மறுநாள் காலையில் கொட்டகைக்குப் போய் செயின் லோடரின் மேல் கிடந்த தார்ப்பாயை இழுத்துப் போட்டேன். மாப்பிள்ளைக்கு நீ படித்துக் காட்டுவாய் என்பதால் அவருக்காக ஒரு வரி: அது சக்கரம் இல்லாமல் இரும்புச் சங்கிலியின் மேல் ஊர்ந்து போகும் பழைய மண் அள்ளும் வண்டி, டயர் வண்டி போனால் புதைந்துபோகிற உப்பளச் சேற்றில் கூட இறங்கிக் கரை கட்டும், வாய்க்கால் தூர் வாரும். நான் அதை வாங்கிய நாள் முதல் பதினோரு வருஷம் ஓட்டியவன் உன் மாமன்தான். ஒன்பது வருஷத்துக்கு முன் வாய்க்காலுக்குள்ளேயே அதன் இஞ்சின் இறுகி நின்றுபோனது, நான் ஓடிப்போய் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தேன், சொட்டுத் தண்ணீர் இல்லை. தண்ணீர் பார்க்காமல் ஓட்டி இஞ்சினைக் கொன்றுவிட்டான் என்று முடிவு கட்டினேன். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் வெளியே வருகிற நேரம், கோயில் வாசலில், ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி, குடித்துவிட்டு ஓட்டினானோ என்னவோ என்று ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை, சட்டைப் பையிலிருந்த சாவியை எடுத்து அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். பேசாமல் போனதே குற்றத்தை ஒப்புக்கொண்டதற்கு அடையாளம் என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆகவே நான் தார்ப்பாயை இழுத்தது மனம் இளகி அல்ல. இஞ்சினைப் பிரித்து, சூட்டில் கோணிய ஹெட் என்கிற இஞ்சின் மேல்மூடியையும் கீறல் விழுந்த பிஸ்டனையும் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பி, பார், யாரை ஞானத்தந்தை ஆக்கச் சொல்கிறாய் என்று கேட்க வேண்டும் என்பதுதான் திட்டம்.

சைலன்சர் குழாய்க்குள் குளவி கூடு கட்டியிருந்தது, சீட்டுக்கு அடியில் ஓணான் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் துருவில் ஒட்டிக் கல்லாகிக் கிடந்தது. யூடியூபில் ஒரு வெள்ளைக்காரர் இதே மாதிரி வண்டியைத் தன் வீட்டுக் கொட்டகையில் பிரித்துப் பூட்டுகிறார், அவர் பேசுவது பாதி புரியாவிட்டாலும் கை செய்வது புரிகிறது. முதலில் ஆயிலை வடிக்க இஞ்சினின் அடிப்போல்ட்டைக் கழற்றினேன். ஆயில் வரவில்லை, தண்ணீர் வந்தது. டீத்தண்ணி நிறத்தில் ஒரு சொம்புக்கு மேல் தண்ணீர், அதற்குப் பிறகு மோர் மாதிரி வெளுத்த ஆயில். உப்பளத்துக்காரன் எந்தத் தண்ணீரைப் பார்த்தாலும் என்ன செய்வான் என்று உனக்குத் தெரியும், விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது. சந்தேகம் தீர அம்மாவின் குழம்புக் கரண்டியில் கொஞ்சம் எடுத்து அடுப்பில் காய்ச்சினேன், ஓரத்தில் வெள்ளையாகப் படிந்தது. அம்மா வந்து பார்த்துவிட்டு, ஏங்க, வெளியே உப்பு வெளையற அளவுக்கு நெலம் கெடக்குது, என் கரண்டியில வேற வெளைய வெக்கணுமா என்றாள். அந்தக் கரண்டி இப்போது கொட்டகையில் இருக்கிறது, திரும்ப வாங்க மாட்டேன் என்கிறாள்.

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை என்பதை விட, உறைக்க விடவில்லை என்று சொல்வது சரி. கடற்காற்று, ஒன்பது மழைக்காலம், சைலன்சர் வழியாக இறங்கியிருக்கும் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு ஹெட்டைக் கழற்றினேன். இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்தால் ஹெட் கண்ணாடி மாதிரி நேராக இருக்கிறது. பிஸ்டன்களில் ஒரு கீறல் இல்லை. சூட்டில் செத்த இஞ்சினுக்கு இருக்க வேண்டிய அடையாளம் ஒன்றுகூட இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது, அதிலும் அவன் மேல்தான் வந்தது. மூன்று சவுக்குக் கழிகளை முக்காலி மாதிரிக் கட்டி, செயின் பிளாக் மாட்டி இஞ்சினையே வெளியே தூக்கினேன். அது அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தபோது அம்மா ஒரு கையில் கயிற்றையும் மறு கையில் ஜெபமாலையையும் பிடித்துக்கொண்டு நின்றாள். வேலி ஓரமாகப் போன பக்கத்து உப்பளத்து அரசப்பன், இன்னா சார், பொணம் அறுக்கிறியா, செத்து ஒம்பது வருஷம் ஆச்சே, இப்ப இன்னா கண்டுபுடிக்கப் போறே என்றான். அவன் வாய்க்கு எப்போதும் நேரம் காலம் கிடையாது, ஆனால் அன்று சரியாகத்தான் கேட்டான்.

லைனர் என்பது பிஸ்டன் ஏறி இறங்குகிற இரும்புக் குழாய், உள்ளே பிஸ்டன் ஓடும், வெளியே சுற்றிலும் ரேடியேட்டர் தண்ணீர் நிற்கும். நான்கையும் உருவினேன். மூன்றாவதை வெளிச்சத்தில் திருப்பினால் அதன் வெளிப்பக்கம் அம்மைத் தழும்பு விழுந்த முகம் மாதிரி இருக்கிறது. ஒரு குழி முழுவதும் துளைத்து உள்ளே வந்திருக்கிறது, குண்டூசி நுழைகிற ஓட்டை. தண்ணீர் பக்கத்திலிருந்து உப்பு அரித்துக்கொண்டே போய் இரும்பைத் துளைத்திருக்கிறது, அந்த ஓட்டை வழியாக ரேடியேட்டர் தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஆயிலில் இறங்கியிருக்கிறது, தண்ணீர் கலந்த ஆயிலில் பேரிங் தேய்ந்து இஞ்சின் இறுகிவிட்டது. ரேடியேட்டர் காலியாக இருந்ததற்குக் காரணம் அதுதான். இதை ஒரு எம்.எஸ்ஸி. வேதியியல்காரன் கண்டுபிடிக்க ஒன்பது வருஷமும் நூறு நட்டுகளும் தேவைப்பட்டிருக்கின்றன.

இனிமேல் எழுதுவதை மெதுவாகப் படி. ஆரம்பத்தில் அந்தோணி தினமும் காலையில் மேற்கே உள்ள தெரு பம்பிலிருந்து இரண்டு கேன் நல்ல தண்ணீர் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து ரேடியேட்டரில் ஊற்றுவான். அதற்கு அரை மணி நேரம் ஆகும். ஒரு நாள் வேலைக்கு நேரமாகிறது என்று நான்தான் தடுத்தேன், உப்பளத்து அடி பம்பிலேயே பிடித்து ஊற்று, ரேடியேட்டர் என்ன குடிக்கவா போகிறது என்றேன். அவன், மாமா, உப்பு இரும்பத் தின்னுடும் என்றான். நீ எனக்குக் கெமிஸ்ட்ரி சொல்லித் தருகிறாயா என்று கேட்டேன். அவ்வளவுதான், அதற்குப் பிறகு அவன் கேன் கொண்டு வரவில்லை. இந்தப் பேச்சை நான் சுத்தமாக மறந்திருந்தேன் பாப்பா. லைனரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது அவன் குரலோடு சேர்ந்து வந்தது.

நாலு நாள் அந்த லைனரைச் சாக்கில் சுற்றிக் கொட்டகை மூலையில் ஒளித்து வைத்திருந்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். எடுத்து உப்பங்கழியில் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியும் என்றும் ஒரு மத்தியானம் நினைத்தேன். அம்மா விளக்குமாறு தேடி வந்தவள் சாக்கைப் பிரித்துவிட்டாள். ஓட்டையைச் சுண்டுவிரல் நகத்தால் தடவிப் பார்த்தாள். அவளுக்கு இஞ்சின் தெரியாது, என் முகம் தெரியும். நீங்க எடுத்துட்டுப் போறீங்களா, நான் எடுத்துட்டுப் போகட்டுமா என்று மட்டும் கேட்டாள்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் போனேன். வாசலில் அவன் மனைவி யுவராணி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள், என்னைப் பார்த்து, அடடே அண்ணா, வழியெல்லாம் ஞாபகம் இருக்குதா, இல்ல யார்னா கூட்டியாந்து உட்டாங்களா என்றாள். உள்ளே அந்தோணி கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான், எழுந்திருக்கவில்லை. தலை நிறைய நரைத்துவிட்டது அவனுக்கு. சாக்கைப் பிரித்து லைனரை ஸ்டூல் மேல் வைத்தேன். அவன் அதை எடுத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தான். மூணாம் நம்பர்தானே என்றான். கடைசி மாசம் அந்த சிலிண்டர்லதான் சத்தம் வந்துச்சு, உங்ககிட்ட சொல்லலாம்னு இருந்தேன், நீங்கதான் எது சொன்னாலும் எகிறுவீங்களே. அப்படியானால் அன்றைக்கே உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் மாமா, பின்ன? கோயில் வாசல்ல, அக்கா பக்கத்துல நிக்குது, பாதிரியார் நிக்கிறாரு, இவ்ளோ படிச்சவரை நிக்க வெச்சு உப்புத் தண்ணி ஊத்தச் சொன்னது நீங்கதான்னு நான் சொல்லணுமா? அக்கா மொகத்துக்காகச் சும்மா வந்தேன், உங்களுக்காக ஒண்ணும் இல்ல என்றான். இத்தனை வருஷமும் யாரிடமும் சொல்லவில்லை, கட்டியவளிடம் கூட.

அப்போதுதான் யுவராணி உள்ளே வந்தாள். ஈரத் துணியைத் தோளில் போட்டபடியே பேசினாள். இந்த ஆளு ஒரு நாள் ஒரு சொட்டு தொட்டது இல்லண்ணா, ஆனா நீங்க சொன்னதுக்கு அப்புறம் எங்க அம்மா வீட்ல எல்லாரும் இவரு வாயை மோந்து பாத்தாங்க, ஏன், நானே ரெண்டு தபா மோந்து பாத்துருக்கேன் என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பும் வந்தது அழுகையும் வந்தது. எனக்கு இரண்டும் வரவில்லை, உட்காரக்கூட முடியவில்லை. தப்பு என்னுடையது என்றேன், மன்னித்துக்கொள் என்றேன், உன்னுடைய ஆசையையும் சொன்னேன். அவன் டிவியின் சத்தத்தைக் குறைத்தான். பிறகு, இஞ்சின் போச்சுன்னு சொன்னது பெருசு இல்ல மாமா, குடிச்சேன்னு சொன்னீங்க, இந்த ரூமுக்குள்ள வந்து இல்லன்னு சொன்னா ஆச்சா, வண்டியப் பாக்க நாளைக்கு வர்றேன், அது வண்டிக்காக, பிரிசி கொழந்தை விஷயம் இப்ப ஒண்ணும் சொல்ல மாட்டேன் என்றான்.

சொன்னபடி வந்தான். வேலை முடிந்து தினமும் மாலை நாலரை மணிக்கு வந்துவிடுவான், இருட்டுவதற்கு முன் போய்விடுவான். என்னோடு நேராகப் பேசமாட்டான், அக்கா, அந்தப் பதினேழு ஸ்பானர எடுக்கச் சொல்லு என்பான், நான் பக்கத்தில்தான் நிற்பேன், அம்மா ரெண்டு பேருக்கும் நடுவில் தந்தி ஆபீஸ் மாதிரி உட்கார்ந்திருப்பாள். இஞ்சினின் கிராங்க் தண்டைக் கடைசல் பிடிக்கப் புதுச்சேரி லேத்துக்கு இரண்டு பேரும் ஒரு லோடு வண்டியில் போனோம், போகிற வழியில் கோட்டக்குப்பத்தில் பழைய மெஷின் பாகம் விற்கிற பாய் கடையில் லைனர் செட் கிடைத்தது. மாடலைச் சொன்னதும், இது எங்க அத்தா காலத்து வண்டியாச்சே, இன்னும் மௌத் ஆவலையா என்றார். நான் பேசும்போது அந்தோணி வாயை மூடிக்கொள்வதையும் அவன் பேசும்போது நான் வேறு பக்கம் பார்ப்பதையும் கவனித்துவிட்டு, என்னா பாய் இது, ஒருத்தர் ஏறினா ஒருத்தர் எறங்குறீங்க, பிஸ்டன் வாங்க வந்தீங்களா, நீங்களே பிஸ்டனா என்று கேட்டார். அந்தோணி சிரித்துவிட்டான். திரும்பி வரும் வழியில் என்னிடம் முதல்முறையாக நேராகக் கேட்டது, டீ குடிக்கிறீங்களா என்பது.

இஞ்சினைப் பூட்டி வண்டியில் இறக்க மூன்று வாரம் ஆனது. போன வியாழக்கிழமை கிளப்ப வேண்டிய நாள். அன்று நான் முன்கூட்டியே எழுந்து ஸ்கூட்டரில் இரண்டு கேனைக் கட்டிக்கொண்டு மேற்கே போய், வரிசையில் பெண்களுக்கு நடுவே நின்று நல்ல தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து வண்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். மனதுக்குள் பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பு. அவன் வந்தவன் கேனையும் பார்த்தான் என்னையும் பார்த்தான், பைக்குள்ளிருந்து ஒரு பச்சை டப்பாவை எடுத்தான். இப்பல்லாம் கூலன்ட்டுன்னு கடையிலயே விக்குது மாமா, எந்தக் காலத்துல இருக்கீங்க என்றான். என் முகம் போன போக்கைப் பார்த்து, சரி சரி, அதையும் தண்ணியில கலந்துதான் ஊத்தணும், நல்ல தண்ணிதான் வேணும், ஊத்துங்க என்றான். நான்தான் ஊற்றினேன். டீசல் குழாயில் காற்று அடைத்துக்கொண்டு நாலு தடவை கிளம்பவில்லை, அவன் நட்டுகளைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றிவிட்டு ஐந்தாம் தடவை சாவியைத் திருப்பினான். கரும்புகை கக்கி, குளவிக் கூட்டின் மிச்சம் எல்லாம் பறந்து வந்து அம்மாவின் மேல் விழுந்து, வண்டி உயிர் பிடித்துவிட்டது. சங்கிலி கிறீச்சிட்டுக்கொண்டு கொட்டகையை விட்டு வெளியே வந்தபோது நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவன் மூன்றாம் சிலிண்டர் பக்கம் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். நன்றாக ஓடுகிறது என்று கையைக் காட்டினான். ஆனால் உன் விஷயம் பற்றி அன்றும் ஒரு வார்த்தை இல்லை. அவன் எதற்குக் காத்திருக்கிறான் என்று எனக்குத் தெரியும், அவன் அதை வாய்விட்டுக் கேட்க மாட்டான் என்பதும் தெரியும்.

இன்று காலை பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வந்ததும் கோயில் வாசலில் நின்றேன். கையில் லைனர் இருந்தது. எல்லோரும் கொஞ்சம் நில்லுங்கள் என்றேன். என் குரலுக்கு யாரும் ஓடிவிடவில்லை, சண்டை பார்க்கலாம் என்றுதான் நின்றார்கள். ஒன்பது வருஷத்துக்கு முன் இதே இடத்தில் அந்தோணிராஜைக் குடித்துவிட்டு ஓட்டினான் என்று சொன்னேன், அது பொய், அவன் குடித்ததில்லை, இந்த ஓட்டைதான் இஞ்சினைக் கெடுத்தது, உப்புத் தண்ணீர் ஊற்றச் சொன்னவன் நான், வேண்டாம் என்று சொன்னவன் அவன் என்றேன். வேறு எதுவும் சேர்க்கவில்லை, சேர்த்தால் வாதம் செய்ய ஆரம்பித்துவிடுவேன் என்று பயம். யாரோ பின்னாலிருந்து, சிலுவைமுத்து அண்ணனா பேசுறாரு, உடம்பு சரியில்லியா என்றார்கள். யுவராணியின் அம்மா இரண்டாம் வரிசையில் நின்றுகொண்டிருந்தார், நான் அவர் பக்கம் பார்த்துத்தான் பேசினேன், அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தோணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து லைனரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். போதும் மாமா, வெயில்ல எல்லாரும் நிக்கிறாங்க என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, பிரிசி எந்தத் தேதி வர்றா, எனக்கு லீவு சொல்லணும் என்று கேட்டான்.

மழைக்கு முன் பெரிய கரையை உயர்த்தியாக வேண்டும், நாளை மறுநாள் அவன்தான் வண்டியை உப்பளத்தில் இறக்குகிறான். என்னைப் பற்றித் தப்பாக நினைத்துவிடாதே, நான் சாதுவாகிவிடவில்லை. எனக்கு வர வேண்டிய லெக்சரர் வேலையைத் தூக்கி வேறொருவனுக்குக் கொடுத்த அந்த பிரின்சிபாலை இன்னும் மன்னிக்கவில்லை, திருவிழாக் கமிட்டியிலிருந்து என் பெயரை எடுத்தவர்களையும் விடப்போவதில்லை. அவர்கள் விஷயத்தில் லைனர் எதுவும் இல்லை, நான் பார்த்துவிட்டேன். நீ தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே. மாப்பிள்ளைக்கு ராத்திரி டூட்டி என்றால் பகலில் தூங்க விடு, பேச்சுக் கொடுத்து எழுப்பாதே, அந்தக் குணம் உனக்கு என்னிடமிருந்து வந்தது. விமானத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே இரு, காது வலிக்காது என்று அம்மா எழுதச் சொல்கிறாள்.

ஆண்டவர் உங்கள் மூன்று பேரையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும், சின்னவள் உன் அம்மாவின் பொறுமையோடு வளரட்டும், என்னுடையது எதுவும் அவளுக்கு வேண்டாம், என் காதுகள் வேண்டுமானால் வரட்டும். மறக்காமல் குழந்தையின் பிறப்புச் சான்றிதழையும் உங்கள் திருமணச் சான்றிதழையும் எடுத்து வா, பாதிரியார் கேட்டிருக்கிறார். பூசைக்குப் பிறகு பங்கு அலுவலகத்தில் ஞானஸ்நான விண்ணப்பம் வாங்கினேன், குழந்தையின் பெயர் இருக்கும் இடத்தை உனக்காக விட்டுவிட்டேன், ஞானத்தந்தை என்ற இடத்தில் அவன் பெயரை என் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன். டிக்கெட் போடு.

உன் அன்பு அப்பா,
சிலுவைமுத்து